பலகையில் ஒரே பெயர்

ஜூன் 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. உன் இருமல் போயிற்றா? தலைமையாசிரியர் இருமிக்கொண்டே கட்டளையிட்டால் எந்தப் பிள்ளையும் நடுங்காது.

நீ கேட்டபடி பள்ளிக்கான விதிகளை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் பேசினால் நீ 'ம்' கொட்டியே தப்பித்துவிடுவாய்.

நான் படித்த கான்வென்டில் நூறு பெண்கள் ஒன்றாக மாடிப்படி இறங்கினாலும் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அது பயத்தால் வந்த அமைதி என்று உன் மாமா உயிரோடு இருந்தவரை என்னைக் கேலி செய்துகொண்டிருந்தார். எதனால் வந்தால் என்ன, அமைதி அமைதிதான்.

எந்த விதியிலும் 'கூடுமானவரை' என்ற சொல்லைச் சேர்க்காதே. அந்தச் சொல் நுழைந்த இடத்தில் விதி வெளியே போய்விடும். கரும்பலகை விதியை மட்டும் இரண்டு தடவை படி. ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரை வகுப்புத் தலைவர் பலகையில் எழுத வேண்டும். ஒரே பெயர் மூன்று முறை வந்தால் பெற்றோரை அழைக்க வேண்டும். தலைவரே பெயர்களை மறைத்தால் ஒரு வாரம் பள்ளிக்குள் வரக் கூடாது. நன்னடத்தைச் சான்றிதழிலும் அது ஏற வேண்டும்.

உன் மகள் மைனா இங்குள்ள விடுதிப் பள்ளிக்கு இந்த வருடம்தானே விண்ணப்பிக்கிறாள்? சான்றிதழில் ஒரு குறிப்பு இருந்தாலும் அவர்கள் சேர்த்துக்கொள்வதில்லை. அதனால்தான் அது நல்ல பள்ளி. மாடி அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். எப்படியும் அடிக்க வேண்டியதுதான். சனி, ஞாயிறுகளில் அவள் இங்கே வந்து தங்கலாம். கட்டாயம் ஒன்றுமில்லை.

உன் மனைவியின் தலைவலிக்குக் கண்ணாடியை மாற்றச் சொல்.

அக்கா

*

ஜூலை 2

அன்புள்ள அக்கா,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மருத்துவர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா, இல்லை அவருக்கே பயிற்சி கொடுத்து அனுப்பிவிட்டாயா? எங்கள் வீட்டில் இருமல் என்னிடமிருந்து அவளுக்கு மாறியிருக்கிறது. மற்றபடி குறையில்லை.

உன் விதிகளை அச்சடித்து எல்லா வகுப்பிலும் ஒட்டிவிட்டோம். துணைத் தலைமையாசிரியருக்கு ஒரே குதூகலம். பிள்ளைகள் அவருக்கு 'விசில்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கழுத்தில் அது இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. "சார், இத எழுதினது யாரு? ராணுவத்துல இருந்தவங்களா?" என்று கேட்டார். "என் அக்கா" என்றேன். கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்.

நான் இங்கே மாற்றலாகி வந்ததால் மைனாவையும் என் பள்ளியிலேயே பத்தாம் வகுப்பில் சேர்த்திருக்கிறேன். பள்ளிக்குள் என்னை 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தலைமையாசிரியர் மகள் என்ற சலுகை ஒரு துளியும் கூடாது. கீழே அவள் தன் கையால் நாலு வரி எழுதியிருக்கிறாள்.

உன் தம்பி

அத்தை, மாடி அறையில் ஜன்னல் எந்தப் பக்கம்? தெருப்பக்கம் என்றால் நான் படிக்க மாட்டேன், முன்பே சொல்லிவிடுகிறேன். விடுதிப் பள்ளியில் தொலைநோக்கி இருக்கிறதாமே! அதற்காகவே நான் வந்தாக வேண்டும். – மைனா

*

ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்கா,

உன் ஜூலைக் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கண் பரிசோதனை நல்லபடியாக முடிந்ததா? இங்கே மூவரும் சுகம்.

உன்னிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். பத்தாம் வகுப்பு ஒன்றில் தலைவியாக இருக்கிற பெண் முதல் இரண்டு வாரம் ஒழுங்காகப் பெயர் எழுதினாள். அதன் பிறகு எப்போது பார்த்தாலும் பலகையில் ஒரே பெயர்தான். அவளுடைய பெயர். கணக்கு ஆசிரியர் விசாரித்திருக்கிறார்.

"என்னம்மா இது, உன் பேர் மட்டும் இருக்கு?"

"நான் பேசினேன் சார். நான் பேசாத பீரியடே கிடையாதே."

"யாரோட பேசினே?"

"அது எழுதச் சொல்லலையே சார்."

வகுப்பு சிரித்திருக்கிறது. கணக்கு ஆசிரியரும் சிரித்துவிட்டுத்தான் என்னிடம் வந்து சொன்னார். ஆனால் 'விசில்' சிரிக்கவில்லை. மற்ற பெயர்களை மறைக்கிறாள், விதிப்படி வெளியே அனுப்ப வேண்டும் என்கிறார். அந்தப் பெண் மேலே நல்ல பள்ளியொன்றில் சேர ஆசைப்படுகிறவள். சான்றிதழில் குறிப்பு ஏறினால் அந்த ஆசை அதோடு முடிந்தது.

நீயாக இருந்தால் என்ன செய்வாய்?

உன் தம்பி

*

ஆகஸ்ட் 25

அன்புள்ள தம்பிக்கு,

கண்ணில் ஒன்றுமில்லை. மருத்துவர்தான் ஏதாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

கேள்வியே தேவையில்லாத கேள்வி. இந்த மாதிரிப் பெண்களை எனக்குத் தெரியும். தியாகம் செய்வது போலத் தோன்றும். உள்ளே இருப்பது கர்வம். 'உங்கள் விதியைவிட நான் பெரியவள்' என்பதை வாயால் சொல்லாமல் சாக்பீஸால் சொல்கிறாள். அவளைக் கூப்பிட்டுப் பேசு. ஒரு தவணை கொடு. திருந்தாவிட்டால் விதி என்ன சொல்கிறதோ அதைச் செய். நல்ல பள்ளியில் சேர ஆசை இருந்தால் அதை அவள்தான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

பெற்றோரை அழைத்தாயா? தகப்பன் எப்படிப்பட்டவர்? பெரும்பாலும் வீட்டில் தகப்பன் செல்லம் கொடுத்துக் கெடுத்திருப்பார்.

அவள் மைனாவின் வகுப்பா? இந்தத் தடவை மைனா ஏன் கீழே எழுதவில்லை? மாடி அறை ஜன்னல் தோட்டப் பக்கம் என்று சொல்.

அக்கா

*

செப்டம்பர் 21

அன்புள்ள அக்கா,

நீ நலந்தானே? மழை ஆரம்பித்துவிட்டது, ஈரத் தரையில் கவனமாக நட.

அந்தப் பெண்ணின் தகப்பனாரை அழைத்தோம். வந்தார். என் அறையில்தான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர் என்றுதான் நினைக்கிறேன், கொஞ்சம் பயந்தவர்.

அவளையும் கூப்பிட்டுப் பேசினேன். துணைத் தலைமையாசிரியரும் கூட இருந்தார்.

"ஏம்மா, முதல்ல ஒழுங்காத்தானே எழுதிட்டிருந்தே?"

"ஆமா சார். பின் பெஞ்ச்ல ஒரு பொண்ணு. அவளுக்குப் பலகையில இருக்கறது சரியாத் தெரியாது. பக்கத்துல இருக்கறவகிட்ட கேட்டுக் கேட்டுத்தான் எழுதுவா. பேசினான்னு நான் அவ பேரை எழுதிட்டேன். வெளிய நிக்க வச்சாங்க. அன்னைக்கி நடத்தின பாடமே அவளுக்குத் தெரியாது."

"அதைச் சொல்லியிருக்கலாமே?"

"பலகையில காரணம் எழுத இடமில்லையே சார்."

"அதுக்காக எல்லாரையும் விட்டுடுவியா?" என்றார் 'விசில்'.

"யாரையும் விடலை சார். இப்ப யாருமே பேசறதில்ல. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன், அக்கா. உண்மை. யார் பேசினாலும் பலகையில் ஏறுவது அவள் பெயர் என்று தெரிந்த பிறகு, அந்த வகுப்பு வாயைத் திறப்பதில்லை. ஆசிரியர் வரத் தாமதமானால் அவரவர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளியிலேயே அமைதியான வகுப்பு இப்போது அதுதான்.

நீ சொன்னபடி ஒரு தவணை கொடுத்தேன். மறுநாளும் அவள் பெயர்தான் இருந்தது. இனி என்ன?

உன் தம்பி

*

செப்டம்பர் 27

தம்பி,

நான் நலம். ஈரத் தரையில் எப்படி நடப்பது என்று எனக்குத் தெரியும்.

வகுப்பு அமைதியாக இருக்கிறது என்பது வேறு விஷயம். தலைவி கீழ்ப்படியவில்லை என்பது வேறு விஷயம். இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே. இவளுக்கு இன்று வளைந்தால் நாளை வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கும். ஒவ்வொரு கதையும் உருக்கமாகத்தான் இருக்கும். யார் பெண், எப்படிப்பட்ட பெண், எந்தப் பள்ளியில் சேர ஆசைப்படுகிறாள் என்பதையெல்லாம் பார்க்கிறவர் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்காரக் கூடாது.

அனுப்பிவிடு. சான்றிதழிலும் ஏற்று.

நான் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு நீ பதில் சொல்லவில்லை. பரவாயில்லை.

மாடி அறைக்கு வெள்ளையடித்து முடிந்தது. மேசை ஒன்று போட்டிருக்கிறேன்.

அக்கா

*

அக்டோபர் 10

அன்புள்ள அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது? நான் நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய்.

திங்கட்கிழமை அவளை அனுப்பிவிட்டேன். காலை வணக்கத்துக்குப் பிறகு என் அறைக்குக் கூப்பிட்டு ஆணையைப் படித்தேன். கேட்டுக்கொண்டாள். பையை மாட்டிக்கொண்டு "வரேன் சார்" என்று சொல்லிவிட்டு, வாசல் வரைக்கும் தனியாக நடந்துபோனாள்.

மாலையில் நான் வீட்டுக்குப் போனபோது கதவைத் திறந்ததும் அவள்தான். "என்னப்பா, முகம் வாடியிருக்கு? மத்தியானம் சாப்பிட்டீங்களா?" என்றாள்.

ஆமாம் அக்கா, மைனாதான். முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தையாகப் பதில் எழுதிவிடுவாயோ என்று பயந்தேன். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு நீ என்ன சொல்வாயோ அதையே என் பெண்ணுக்குச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். நீ சொன்னாய். செய்துவிட்டேன்.

பெற்றோரை அழைக்க வேண்டிய அன்று, "சார், பேரண்ட்டைக் கூப்பிடணுமே?" என்று 'விசில்' தயங்கித் தயங்கிக் கேட்டார். "வந்தாச்சு சார், இங்கதான் உட்கார்ந்திருக்கார்" என்றேன். அவர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

விடுதிப் பள்ளிக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி நவம்பர் முப்பது. சான்றிதழில் நான் இன்னும் கையெழுத்திடவில்லை. நீ ஏதாவது எழுது.

உன் தம்பி

*

நவம்பர் 12

அன்புள்ள அத்தைக்கு,

மைனா எழுதுவது. எப்படி இருக்கிறீர்கள்? பேச்சு வழக்கில் எழுதினால் சிவப்பு மையில் திருத்தி அனுப்புவீர்கள் என்று அம்மா எச்சரித்தாள். அதனால் நல்ல தமிழில் எழுதுகிறேன்.

அப்பாவின் கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அப்பா சவரத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறார். என் மேல் கோபமா? இருந்தால் திட்டியாவது எழுதுங்கள். நீங்கள் திட்டினால் நன்றாக இருக்கும்; அப்பா திட்டினால் அவரே அழுதுவிடுவார் போல இருக்கிறது.

வீட்டிலிருந்த வாரம் அவ்வளவு மோசமில்லை. அம்மா முதல் இரண்டு நாள் அப்பாவிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், "பேசாதவங்க ரெண்டு பேர் பேரையும் பலகையில எழுதணும்னா நான் ரெடி" என்று நான் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

நான் திரும்பிப் போனபோது வகுப்பில் வேறு தலைவர். நெட்டையாக இருப்பான், கொக்கு என்று கூப்பிடுவோம். அவனும் தன் பெயரையே எழுதினான். அவனை மாற்றினார்கள். அடுத்து வந்தவளும் அப்படியே. இப்போது தலைவர் பதவிக்கு ஆள் கிடைக்கவில்லை. நான் யாரையும் தூண்டிவிடவில்லை அத்தை, சத்தியமாக. பின் பெஞ்ச் பெண்ணைக் கணக்கு சார் முன் வரிசைக்கு மாற்றிவிட்டார்.

விடுதிப் பள்ளியைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. கிடைக்காது என்று எனக்குப் புரிகிறது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒரு நாள் அழுதேன். ஆனால் மறுபடியும் அந்தப் பலகை முன்னால் நிறுத்தினாலும் அதையேதான் எழுதுவேன். இது திமிர் என்றால் திமிராகவே இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மைனா

*

டிசம்பர் 1

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் இருவர் கடிதங்களும் வந்தன. நான் நலமாகத்தான் இருந்தேன். பேனாவைத்தான் எடுக்கவில்லை.

நீ சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். 'அது எழுதச் சொல்லலையே' என்ற பதிலைப் படித்ததுமே தெரிந்துவிட்டது. நம் குடும்பத்தில் அப்படிப் பதில் சொல்லும் வாய் ஒன்றுதான் இருக்கிறது. நீ மறைத்தாய் என்பதால் நானும் தெரியாதவளாக எழுதினேன். அவள் என்று தெரிந்தேதான் 'அனுப்பிவிடு' என்று எழுதினேன். அதை நீயும் தெரிந்துகொள்.

அதன் பிறகு அந்த வகுப்பைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். என் விதி எந்த அமைதியைக் கொண்டுவர வேண்டுமோ, அதை அவள் அடுத்தவர் பெயர் ஒன்றுகூட எழுதாமல் கொண்டுவந்துவிட்டாள். எங்கே தவறு என்று நானும் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். அவளிடம் கிடைக்கவில்லை. விதியில்தான் கிடைத்தது. பிள்ளைகளை ஒருவர் மேல் ஒருவர் காவல் வைத்துவிட்டு அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைத்திருந்தேன்.

இதை அக்டோபரிலேயே எழுதியிருந்தால் மருமகளுக்காக விதியை மாற்றியவள் ஆகியிருப்பேன். நேற்றோடு கடைசித் தேதி முடிந்தது. இனி இதனால் அவளுக்கு ஒரு பயனும் கிடையாது. எனக்கும் கிடையாது. அதனால் இன்று எழுதுகிறேன்: அந்த விதியை எடுத்துவிடு.

அக்கா

*

டிசம்பர் 7

அன்புள்ள அக்கா,

நீ நலம் என்பதில் மகிழ்ச்சி.

விதியை எடுத்துவிட்டோம். 'விசில்' தன் கையாலேயே கிழித்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால் இனி உனக்கு எந்தக் கடிதமும் எழுத வராது. சான்றிதழை நான் கடைசி நாள் மாலை வரைக்கும் மேசை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'அந்த விதி தவறு' என்று உன்னிடமிருந்து ஒரு வரி வந்திருந்தால், குறிப்பு இல்லாமல் கையெழுத்திட்டு அனுப்பியிருப்பேன். எழுதியவளே தவறு என்றால் அது விதியாகாது என்று எனக்கு நானே தீர்மானித்து வைத்திருந்தேன். தபால் அலுவலகம் மூடுகிற நேரத்தில் குறிப்பை எழுதிக் கையெழுத்திட்டேன். அனுப்பிப் பயனில்லை என்பதால் இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

நீ பாரபட்சம் வந்துவிடுமே என்று காத்திருந்தாய். நான் உன் வார்த்தைக்காகக் காத்திருந்தேன். நடுவில் மைனா ஒருத்திதான் யாருக்காகவும் காத்திருக்காமல் செய்ய வேண்டியதைச் செய்தாள். இரண்டு பேரும் நேர்மையாகத்தான் இருந்தோம், அக்கா. அதற்கான விலையை அவள் கொடுத்தாள்.

உன்னைக் குறை சொல்லவில்லை. தலைமையாசிரியர் நான், நீ இல்லை. உன் வார்த்தை இல்லாமலே எனக்கு முதுகெலும்பு இருந்திருக்க வேண்டும்.

உன் தம்பி

*

டிசம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த நாள் சரியாகிவிட்டது. விடுப்பு விண்ணப்பம், அழைப்பு, அனுதாபம் என்று எல்லா வகைக் கடிதமும் கான்வென்டில் கற்றுக்கொடுத்தார்கள். மன்னிப்புக் கடிதம் மட்டும் பாடத்தில் இல்லை. ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

நேற்று விடுதிப் பள்ளிக்குப் போனேன். முதல்வர் அறைக்கு வெளியே பெஞ்சில் மற்ற பெற்றோர்களோடு உட்கார்ந்திருந்தேன். இந்த வயதுவரை நான் எந்த வாசலிலும் எனக்காகவோ என்னைச் சேர்ந்தவர்களுக்காகவோ சலுகை கேட்டு உட்கார்ந்ததில்லை. பக்கத்திலிருந்த அம்மாள், "பேத்திக்கா?" என்றாள். "தம்பி பொண்ணு" என்றேன். "மார்க் கம்மியா?" என்றாள். "மார்க் எல்லாம் இருக்கு. எங்களுக்குத்தான் கம்மி" என்றேன். அவளுக்குப் புரியவில்லை, நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

முதல்வர் எனக்கு மகளாகும் வயதுடையவள். மேசையில் பென்சில்கள்கூட உயர வரிசையில் இருந்தன. இப்படிப்பட்டவளிடம் வாதாடுவது எவ்வளவு கஷ்டம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

"கடைசித் தேதி போயிடுச்சேம்மா."

"தெரியும்."

"சான்றிதழ்ல குறிப்பு வேற இருக்குங்கறீங்க."

"இருக்கு. என்ன குறிப்புன்னு கேளுங்க."

சொன்னேன். ஒன்றையும் விடவில்லை, பின் பெஞ்ச் பெண்ணையும் சொன்னேன், கொக்கையும் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கும். ஆளாளுக்கு விலக்குக் கொடுத்தா நான் பள்ளிக்கூடம் நடத்த முடியுமா? விதின்னா விதிதானே? பெரியவங்க, உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். அவளை வெளிய அனுப்பின விதியை எழுதினதே நான்தான்."

அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. சேர்த்துக்கறேன்னு சொல்லலை. பேசிப் பார்க்கறேன்."

"குறிப்போடவா, குறிப்பு இல்லாமலா?"

"குறிப்போடதான். அதைப் பத்தித்தான் பேசணும்."

ஆகவே இழுப்பறையில் கிடக்கும் சான்றிதழை அப்படியே எடுத்துக்கொள். ஒரு எழுத்தையும் அழிக்காதே. அதை விளக்குவது மைனாவின் வேலை. உன்னுடையதும் அல்ல, என்னுடையதும் அல்ல. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறாள். கிடைக்குமா என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியாது. தெரியாது என்று நான் எழுதி நீ இதுவரை படித்திருக்க மாட்டாய்.

இதற்குப் பதில் கடிதம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. அவளைக் கூட்டிக்கொண்டு வா.

அக்கா